உழுந்தின் தொப்புள்

தோசைக்கு ஊறப்போட எடுத்த உழுந்தில் ஒரு மணியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கறுப்புத் தோலின் ஒரு பக்கத்தில் வெள்ளையாக ஒரு சின்னக் கோடு இருக்கும். விளிம்பு புடைத்து, நடு குழிந்திருக்கும். கோதுக்குள் மணி காம்போடு ஒட்டியிருந்த தழும்பு அது, அதன் தொப்புள். பயற்றுக்கும் தொப்புள் உண்டு. ஆனால் தோலோடு தோலாகத் தட்டையாகக் கிடக்கும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பச்சைத் தோல் உழுந்தும் இருக்கிறது, கறுப்புத் தோல் பயறும் இருக்கிறது.

வவுனியா மேட்டுக்காணிகளில் காலபோக மழையோடு விதைக்கிற உழுந்தைக் காய்க்கும் பருவத்தில் கண்டால் சந்தேகமே வராது. காய் கட்டையாக, நீள மயிர் மூடி, நிமிர்ந்து நிற்கும். பயற்றின் காய் மெலிந்து நீண்டு பக்கவாட்டில் விரியும்.

இரண்டும் விக்னா என்ற ஒரே பேரினம். 17ஆம் நூற்றாண்டில் பீசா நகரில் தாவரவியல் கற்பித்த டொமெனிக்கோ விக்னாவின் பெயர் அது. தாவரவியலாளர் லின்னேயஸ் இவற்றைப் போஞ்சியின் பேரினத்தில் சேர்த்திருந்தார். அதோடு, வட இந்தியர் பயற்றைச் சொல்லும் 'மூங்' என்ற பெயரை 1767இல் உழுந்துக்குச் சூட்டிவிட்டார். முதலில் வைத்த பெயர் நிலைக்க வேண்டும் என்பது வகைப்பாட்டு விதி. அதனால் பேரினம் மாறிய பிறகும் உழுந்து 'விக்னா முங்கோ'தான். பயறு 'விக்னா ரேடியாட்டா'.

அவரைப் பார்த்துச் சிரிக்க நமக்குத் தகுதியில்லை. நாங்கள் கறி வைக்கிற பயற்றங்காய் பயற்றின் காயே அல்ல. அது கௌபியின் இனம், 'விக்னா அங்குயிகுலாட்டா'; காய்க்காக நீள வளர்த்தெடுத்த வகை.

கோயில் திருவிழாவில் கோது உடைத்துத் தின்கிற கச்சான் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, வேறு பேரினம். ஆனாலும் அதன் மஞ்சள் பூவைப் பாருங்கள்: மேலே விரிந்த கொடியிதழ், இருபுறமும் சிறகிதழ், கீழே படகு. உழுந்துப் பூவும் இதே வண்ணத்துப்பூச்சிச் சாயல்தான். விடியலில் விரியும் கச்சான் பூ வெயிலேற வாடும். பிறகு சூலகத்தின் அடி நீண்டு, ஊசிபோல் கீழ்நோக்கி வளர்ந்து மண்ணைத் துளைக்கும். இருட்டுக்குள் போனபிறகே நுனி பருத்துக் கோதாகும். நிலம் இறுகி ஊசி உள்ளே இறங்காவிட்டால் காயில்லை. முல்லைத்தீவின் மணல்பாங்கான தோட்டங்களில் அதற்கு அந்தச் சிரமம் குறைவு. செடியைப் பிடித்து இழுத்தாலே கொத்தாகக் கையோடு வரும்.