கூட்டாளி பார்க்கும்போது

மழை பிடித்த ஓர் இரவு. களுபோவில ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸ்கள் ஊளையிட்டபடி போய்க்கொண்டிருக்க, பீட்டர் ஜாக்சனின் ‘ஹெவன்லி கிரியேச்சர்ஸ்’ படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். 1994இல் வந்தது. ‘டைட்டானிக்’ கப்பலின் முனையில் கைவிரித்து நின்றாரே கேட் வின்ஸ்லட், அவருக்கு இதுதான் முதல் படம். பள்ளிக்கூடப் பெண்கள் இருவர் சேர்ந்து ஒருத்தியின் அம்மாவைக் கொல்கிறார்கள். கொலைக் காட்சியைவிட, அதற்கு முதல் இருவரும் சிரித்த சிரிப்புத்தான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

கதை கற்பனை இல்லை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 1954 ஜூன் 22ஆம் திகதி நடந்தது. பவுலின் பார்க்கருக்கு வயது 16, ஜூலியட் ஹியூமுக்கு 15. இரண்டு பேருமே சிறுவயதில் நோயோடு நெடுநாள் படுத்துக் கிடந்தவர்கள். அரசர்களும் சதிகளும் நிறைந்த ஓர் இராச்சியத்தைத் தங்களுக்கென்று கற்பனை பண்ணி, கொப்பி கொப்பியாக எழுதித் தள்ளினார்கள். பிறகு ஜூலியட்டின் பெற்றோர் பிரிந்தார்கள். பிள்ளையைத் தென்னாபிரிக்காவுக்கு அனுப்புவதென்று முடிவானது. பவுலினும் கூடப் போக நின்றாள். அம்மா விடமாட்டாள் என்று அவளுக்கு எண்ணம்.

ஜூன் 22 பின்னேரம் விக்டோரியா பூங்காவின் தேத்தண்ணிக் கடையில் பவுலினின் அம்மாவும் பெண்கள் இருவரும் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். பிறகு மரங்களுக்கிடையே சரிவில் இறங்கும் பாதையில் நடந்தார்கள். வழியில் ஒரு வடிவான கல், அவர்களே போட்டுவைத்தது. அம்மா அதைப் பார்க்கக் குனிந்தாள். ஸ்டொக்கிங் ஒன்றுக்குள் அரைச் செங்கல் தயாராக இருந்தது. ஒரே அடியில் காரியம் முடியும் என்று இருவரும் நம்பியிருந்தார்கள். இருபது அடிக்கு மேல் போனது. பவுலினின் டயரியைப் பொலிஸார் எடுத்தபோது திட்டம் முழுவதும் அதில் இருந்தது. அன்றைய பக்கத்துக்கு அவள் இட்டிருந்த தலைப்பு, கல்யாண வீட்டுக்கு வெளிக்கிடுகிற பிள்ளை எழுதியது போல அவ்வளவு சந்தோஷமானது.

விடலைப் பருவத்து விபரீதங்களுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம், நிதானத்தைக் காக்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முற்றாது என்பது. சரிதான். கோபத்தில் வீசிய போத்தலுக்கும் காலி வீதியில் பறக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அது பொருந்தும். நாட்கணக்காக உட்கார்ந்து போட்ட திட்டத்துக்கு எப்படிப் பொருந்தும்? இந்தியா உட்பட 11 நாடுகளில், 10 முதல் 30 வயது வரையான 5,000க்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. ஆறுதலாக யோசித்து முடிவெடுக்கும் திறன் 16 வயதளவிலேயே பெரியவர்களின் மட்டத்தைத் தொட்டுவிடுகிறது. ஆசையையும் அவசரத்தையும் அடக்கும் பக்குவம்தான் 18ஐத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆக, திட்டம் போடுகிற மூளை அந்தப் பெண்களுக்கு இருந்தது. குறை வேறெங்கோ.

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மார்கோ கார்ட்னரும் லோரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 306 பேரைக் கணினியில் கார் ஓட்டவிட்டார்கள். மஞ்சள் விளக்கு எரியும். மேலும் ஓடினால் புள்ளி கூடும்; சிவப்பு விழும்போது ஓடிக்கொண்டிருந்தால் மோதல், புள்ளி போச்சு. பாதிப் பேர் தனியாக விளையாடினார்கள், மீதிப் பேர் சமவயதுக்காரர் இருவர் பக்கத்தில் இருக்க. 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு யார் பார்த்தாலும் ஒன்றுதான். 13 முதல் 16 வயதுக்காரருக்கோ, கூட்டாளிகள் பார்த்தபோது ஆபத்தை விலைக்கு வாங்குவது ஏறக்குறைய இரட்டிப்பானது. இது 2005இல். பிறகு 2011இல் அதே பல்கலைக்கழகத்தில் விளையாடுகிறவரின் மூளையைப் படம்பிடித்தார்கள். நண்பர்கள் அடுத்த அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே விடலைகளின் மூளையில் பரிசுக்கும் இன்பத்துக்கும் கிளர்கிற பகுதி உசாரானது.

இதைவிட என்னை அசத்தியது எலிகள். 2014இல் வெளியான சோதனையில், இளம் சுண்டெலிகள் சகவயது எலிகள் கூட இருந்தபோது தனியே இருந்ததைவிடக் கூடுதலாக மது குடித்தன. வளர்ந்த எலிகளிடம் அந்த மாற்றம் இல்லை. எலி எலியை உசுப்பேற்றிப் பேசுவதில்லை, வெட்கப்படுத்துவதும் இல்லை. பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

கணினிக் கார் வேறு, செங்கல் வேறு. கூட்டாளிகளோடு திரிகிற கோடிக்கணக்கான பிள்ளைகள் ஒருவரையும் கொல்வதில்லை. ஆனாலும் ஜூலியட் பின்னாளில் சொன்ன ஒன்று இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. இருவரும் 18க்குக் குறைந்தவர்கள் என்பதால் தூக்குத் தண்டனை இல்லை. ஐந்து ஆண்டுச் சிறைக்குப் பின் 1959இல் வெளியே வந்தார்கள். ஜூலியட் பேரை மாற்றி ‘ஆன் பெரி’ என்ற துப்பறியும் நாவலாசிரியை ஆனார். ஜாக்சனின் படம் வந்தபோதுதான் ஆள் யாரென்று உலகத்துக்குத் தெரிந்தது. தான் உடன்படாவிட்டால் பவுலின் உயிரை மாய்த்துவிடுவாள் என்று பயந்ததாக அவர் சொன்னார். நாற்பது வருஷம் கழித்து வந்த வாக்குமூலம், கொஞ்சம் தள்ளிவைத்தே கேட்கவேண்டும். என்றாலும் நான் அதை நம்புகிறேன். இரண்டு பேர் மட்டும் இருக்கிற உலகத்தில், ‘போதும், விடு’ என்று முதலில் சொல்கிறவள் அந்த உலகத்தையே இழக்கிறாள்.

சட்டத்துக்கு இந்த நுணுக்கம் கையில் பிடிபடுவதில்லை. குற்றப் பொறுப்பு தொடங்கும் வயதை இலங்கை 2018இல் 8இலிருந்து 12ஆக உயர்த்தியது. இந்தியா 2015இல், கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 16 முதல் 18 வயதுக்காரரின் மனத் திறனை மதிப்பிட்டு, பெரியவர்களாக விசாரிக்க வழிசெய்தது. அப்படி மதிப்பிடும் அறையில் பிள்ளை தனியாகத்தான் இருப்பான். அங்கே அவன் நிதானமாகத்தான் பதில் சொல்வான்.

மறுநாள் காலை தெஹிவளையில் கோட்டைக்குப் போகும் ரயிலில் ஏறினேன். வெள்ளை உடுப்பில் நாலு பெடியன்கள் புட்போர்டில். ஒருவன் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு கடல் பக்கம் உடம்பைச் சரிக்கிறான், மற்றவர்கள் கூக்குரல் போடுகிறார்கள். வெள்ளவத்தை தாண்டும்வரை அதே கூத்து. பம்பலப்பிட்டியில் மூன்று பேர் இறங்கிப் போனார்கள். ரயில் வெளிக்கிட்டது. தொங்கியவன் ஒருமுறை மேடையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு உள்ளே வந்து, எனக்கு எதிரே இருந்து, பையிலிருந்து இரசாயனவியல் கொப்பியை எடுத்தான்.