நினைவில் வரைந்த மனை: சனாதனனின் தோம்பு குறித்துச் சில சிந்தனைகள்

மாதோட்டத்துத் திருக்கேதீஸ்வரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலமாகும். 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்தனர். அதன் கற்கள் மன்னார்க் கோட்டையைக் கட்டப் பயன்பட்டன என்பது வழிவழியாக வரும் செய்தி. கட்டடம் அழிந்து காடு மூடிய பின்னரும் தலத்தின் பெயரும் பாலாவித் தீர்த்தமும் பதிகங்களில் வாழ்ந்தன. 1872இல் ஆறுமுக நாவலர் அத்தலத்தை மீட்குமாறு சைவமக்களை வேண்டினார். அந்நூற்றாண்டின் இறுதியில் அவ்விடம் மீண்டும் கண்டறியப்பட்டது. இடிந்த கட்டடம் நினைவில் நிலைபெறும் என்பதற்கு இது தக்க சான்று.

ஆயின், பதிகம் பாடப்பெறாத வீடுகளின் கதி யாது? சாதாரண மனிதன் பிறந்து தவழ்ந்த மனை அழிந்தால் அதன் நினைவு எங்கே தங்குகின்றது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், 2011இல் வெளியிட்ட ஆக்கத்தில் இவ்வினாவையே எழுப்புகின்றார். ஆங்கிலப் பெயருடன் வெளிவந்த அதனை ‘முற்றுப்பெறாத தோம்பு’ என இங்குத் தமிழிற் குறிப்போம்.

‘தோம்பு’ என்பது போர்த்துக்கேய மொழிவழி வந்த சொல். அதன் பொருள் காணிப்பதிவேடு என்பதாம். ஒல்லாந்தர் காலத்தில் நிலமும் குடும்பமும் அப்பதிவேட்டில் ஒழுங்காக எழுதப்பட்டன. வரி பெறவும் உடைமையை உறுதிசெய்யவும் ஆட்சியாளர் எழுதிய ஏடு அது. சனாதனன் அப்பெயரையே எடுத்து, அலுவலகக் கோப்பின் சாயலில் அமைந்த நூலுக்குச் சூட்டியிருப்பது தற்செயலன்று. ஆட்சியாளரின் ஏட்டில் இடம்பெறாதவற்றைப் பதியும் எதிர்ப்பதிவேடு இஃது எனலாம்.

இவ்வாக்கத்தின் அமைப்பை நோக்குவோம். போரினால் இடம்பெயர்ந்த தமிழ்பேசும் மக்கள் எண்பதின்மர், தாம் இழந்த வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து வரைந்தனர். அது முதற்படி. அதே வீட்டைக் கட்டடக் கலைஞரின் தொழில்நுட்ப வரைபடமாக ஒழுங்குபடுத்துவது இரண்டாம் படி. அவ்வீட்டின் கதையை உட்கொண்டு ஓவியர் உலர்ந்த பாஸ்டல் வண்ணத்திற் தீட்டிய சித்திரம் மூன்றாம் படி. ஒரே வீடு மூவகைக் கைகளின் வழியே மூன்று உண்மைகளாகின்றது.

முதற்படத்திற்கு அளவுகோல் இல்லை. சிறுவயது நினைவு அடிக்கணக்கால் அளப்பதன்று. குழந்தைக்குக் கிணற்றடி பெரிது. மாமரத்து ஊஞ்சல் கூரையினும் உயர்ந்தது. தாய் படுத்திருந்த மூலை ஓர் உலகம். இரண்டாம் படம் இப்பிழைகளைத் திருத்துகின்றது. ஆனால் திருத்தும்போதே வாழ்வின் வெம்மையையும் அகற்றிவிடுகின்றது. மூன்றாம் படம் அவ்வெம்மையை மீட்க முயல்கின்றது. எனினும் பிறர் நினைவிற்குள் புகுவோன் முழுவதையும் காணமுடியாது என்பதையும் அது ஒப்புக்கொள்கின்றது.

பிரெஞ்சு மெய்யியலாளர் கஸ்தோன் பாஷ்லார் 1957இல் வெளிவந்த தமது நூலில், வீடு நினைவின் உறைவிடம் என்றும், பெட்டியும் அலுமாரியும் இரகசியத்தின் வடிவங்கள் என்றும் விளக்கினார். அவர் கண்ட வீட்டிற்கு நிலவறையும் மேன்மாடமும் உண்டு. வடபுலத்து மரபு வீடோ நிலத்தோடு பரந்து கிடப்பது. விறாந்தை, முற்றம், சாமியறை, குசினி, கிணற்றடி, வேலி என விரியும் அவ்வமைப்பில் மறைவும் நெருக்கமும் வேறுவகையில் வாழ்ந்தன. அயலவர் கறி கொண்டுவரவும் பெண்கள் மனம்விட்டுப் பேசவும் வழிவிட்டது வேலியிலுள்ள பொட்டு. வேலி மறைப்பிற்காயின், பொட்டு உறவிற்காகும். எந்தக் காணி உறுதியும் இதனை எழுதியதில்லை.

எனினும் இந்நினைவுகளை நாம் குற்றமற்றவையாகக் கொண்டாடுதல் பொருந்தாது. வடபுலத்து வீட்டின் வாயிற்படி சாதியின் எல்லைக்கோடாகவும் இருந்தது. பெண்ணை மாதத்திற் சில நாட்கள் ஒதுக்கிவைத்த மூலையும் அவ்வீட்டில் இருந்தது. முற்றத்தோடு நிறுத்தப்பட்ட கூலித் தொழிலாளியிடம் அதே வீட்டை வரையுமாறு பென்சிலைக் கொடுத்தால், அவன் தாளில் உள்ளறைகள் வெறுமையாகவே கிடக்கும். காணியே இல்லாதவனுக்குத் தோம்பும் இல்லை. ஒருவருக்கு அந்தரங்கமாயிருந்தது மற்றொருவருக்கு விலக்காயிருந்தது என்பதை விமர்சகர் மறத்தலாகாது.

இதேபோல் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தை அடைந்த மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களையும் இங்கு நினைத்தல் வேண்டும். அகதிமுகாமிற் பிறந்த பிள்ளை ‘எங்கள் வீடு’ என்று சொல்லும்போது அது தான் காணாத வீட்டைப் பெற்றோரின் சொற்களால் கட்டிக்கொள்கின்றது. நினைவு எவ்வினத்தின் தனியுடைமையுமன்று.

கைவரைபடம் நீதிமன்றத்திற் சான்றாகாது. உறுதி எரிந்தவனுக்கு ஓவியம் காணியை மீட்டுத்தராது. ஆயின் ‘இங்கே ஒரு வாழ்வு இருந்தது’ என்று அது சொல்கின்றது. அதனைச் சொல்லவிடாமற் செய்வதே அழிப்பின் இறுதிப்படி என்பதால் இக்கூற்று அற்பமானதன்று.

தொடங்கிய இடத்திற்கே மீள்வோம். 2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரத்தின் அருகே குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. தொடர்ந்து நடந்த அகழ்வில் எண்பதிற்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அவர்களுக்கும் வீடுகள் இருந்திருக்கும்; வீட்டில் ஒரு கிணறும் ஒரு மரமும் இருந்திருக்கும். வரைவதற்குக் கைகள்தாம் எஞ்சவில்லை. ஓவியரின் தோம்பு முற்றுப்பெறாதது என்பதன் முழுப்பொருளும் அங்கேதான் விளங்குகின்றது.