வளையம் வரைந்த வீதி

லண்டன் மாநகரின் வீதிகளிலே 2012-ம் ஆண்டு ஜூலை மாதம் ஐந்து வளையங்கள் வரைந்தார்கள். மார்கழிக் கோலமல்ல, தோழர்களே! ஒலிம்பிக் சின்னம். அந்தச் சின்னம் தீட்டிய தடத்திலே அனுமதியில்லாத வண்டி ஏறினால் 130 பவுண்டு அபராதம். பந்தயங்களுக்கென்று குறித்த சாலைகள் 109 மைல். அவற்றிலே சுமார் 30 மைல் நீளத்துக்கு இப்படித் தனித் தடம்.

யார் போகலாம் அதிலே? ஓடப் போகும் வீரன் போகலாம். நியாயம். நடுவர் போகலாம், பத்திரிகைக்காரர் போகலாம். சரி, அதுவும் இருக்கட்டும். பணம் கொடுத்து விளம்பரம் வாங்கிக்கொண்ட கம்பெனிகளின் துரைமார்களும் போகலாம் என்றார்களே, அங்கேதான் லண்டன் உழைப்பாளிக்கு உறுத்திற்று. அவன் நெரிசலிலே நிற்க வேண்டும். பக்கத்துத் தடத்திலே, பந்தயத்துக்கென்று திரட்டிய ஏறத்தாழ 4,000 கார்களிலே ஒன்று பறந்து போகும். சோவியத் காலத்து மாஸ்கோவிலே தலைவர்களின் 'ஜில்' கார்களுக்கென்று நடுவீதியில் தடம் விட்டிருந்தார்கள். அதை நினைவில் வைத்து, இதற்கும் 'ஜில் தடம்' என்று கேலிப்பெயர் சூட்டினார்கள் லண்டன்வாசிகள். நம் தமிழிலே அந்தப் பெயர் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. வியர்வை சிந்தாமல் ஜில்லென்று போகிற பாதையல்லவா!

தனித் தடமே கூடாது என்று வாதாட வரவில்லை நான். அப்படி வாதாடுவோர் அட்லாண்டாவை நினைத்துப் பார்க்கட்டும். 1996-ல் அந்த அமெரிக்க நகரிலே ஒலிம்பிக் நடந்தது. பஸ்களையும் ஓட்டுநர்களையும் நாட்டின் பல ஊர்களிலிருந்து திரட்டி வந்தார்கள். வந்தவருக்கு அட்லாண்டாவின் தெருவும் தெரியாது, திருப்பமும் தெரியாது. பஸ்கள் வழி தவறின. வீரர்கள் நேரத்துக்குப் போய்ச் சேராமல் தவித்தார்கள். செய்தி எழுத வந்தவர்கள் பஸ்ஸுக்காக மணிக்கணக்கில் காத்திருந்து, அந்தக் கதையையே செய்தியாக எழுதினார்கள். பல ஆண்டு உடலை வருத்திப் பழகியவன், பஸ் வராத குற்றத்துக்காகத் தோற்பதா?

அட்லாண்டாவிலே கற்க வேண்டிய பாடம் இரண்டு. தடம் வேண்டும் என்பது ஒன்று. அதை அடுத்து வந்த நகரங்கள் சுலபமாகப் படித்துக்கொண்டன. ஊரறிந்த ஓட்டுநர் வேண்டும், அவரை மதித்து நடத்த வேண்டும் என்பது மற்றொன்று. இதைப் படிக்க லண்டனிலே ஒரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது!

லண்டனின் சிவப்பு பஸ்களை ஓட்டுவது தனியார் கம்பெனிகள், மாநகரப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஒப்பந்தத்தின் பேரில். ஒலிம்பிக் நாட்களிலே கூட்டம் பெருகும், சாலை நெருங்கும், வேலை இரட்டிக்கும் என்பது பஸ் தொழிலாளிக்குத் தெரியாதா? ரயில் ஊழியர்களிலே சிலருக்கு 500 பவுண்டு, சிலருக்கு 900 பவுண்டு என்று அந்த நாட்களுக்கான போனஸ் ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. "எங்களுக்கும் 500 கொடுங்கள்" என்றது பஸ் தொழிலாளர் சங்கம். கேட்டது தவறா? கம்பெனிகள் அசையவில்லை. மாநகர நிர்வாகமோ, அது கம்பெனிகளின் விவகாரம் என்று கை கழுவிற்று. சில கம்பெனிகள் நீதிமன்றத்துக்கு ஓடித் தடையுத்தரவு வாங்கி வந்தன. ஜூன் 22-ந் தேதி ஓட்டுநர்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். லண்டனின் பெரும்பகுதியிலே அன்று சிவப்பு பஸ்ஸைக் காண்பதே அரிதாயிற்று.

ஒரே ஒரு நாள்தான். விருந்தாளிகள் வாசலுக்கு வரும் நேரம். வண்டியோட்டி இறங்கி நின்றுவிட்டான். இல்லை இல்லை என்று விரித்த கையிலே எங்கிருந்தோ பணம் வந்தது. ஜூலையிலே உடன்பாடு ஏற்பட்டது; போனஸ் கிடைத்தது. பந்தய நாட்களிலே பஸ்கள் ஓடின.

வாடகைக் கார் ஓட்டும் தோழர்களுக்கு அந்த நல்ல காலம் வாய்க்கவில்லை. கறுப்பு டாக்சிகளுக்குத் தனித் தடத்திலே இடமில்லை என்றார்கள். லண்டன் தெருக்களை ஆண்டுக்கணக்கில் மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதித் தேறினால்தான் அந்த டாக்சியை ஓட்ட முடியும். ஊரையே உள்ளங்கையில் வைத்திருப்பவனை ஓரமாய் நில் என்றால் பொறுப்பானா? பாராளுமன்றச் சதுக்கத்தருகே டாக்சிகளை நிறுத்தி மறித்தார்கள். டவர் பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றிலே குதித்தே எதிர்ப்பைக் காட்டினார் ஓர் ஓட்டுநர். பலன் அதிகமில்லை. திருப்பங்களிலே சில சலுகைகள், அவ்வளவுதான்.

சரி, பந்தயம் தொடங்கிற்றே, நகரம் நின்றுவிட்டதா? நிற்கவில்லை. பந்தயம் பார்க்க டிக்கெட் வாங்கியவருக்கு அன்றைய ரயில், பஸ் பயணச்சீட்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்போர்டிலே இருந்த மைதானத்துக்குக் காரிலே வராதீர்கள், நிறுத்த இடமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். உடல் ஊனமுற்றோருக்கு மட்டும் விலக்கு. செயின்ட் பான்கிராஸ் நிலையத்திலிருந்து அங்கே 7 நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது 'ஜாவலின்' ரயில். சுரங்க ரயில் இரவிலே வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடிற்று. அதற்கு முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் அதிகமான பயணங்களைத் தாங்கிற்று. கடைச் சரக்கு லாரிகளை இரவுக்கு மாற்றினார்கள். இத்தனையும் யாருடைய தூக்கத்திலே நடந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

வேடிக்கையைக் கேளுங்கள்! ரயில் அத்தனை நன்றாக ஓடவே, விருந்தினர்களிலே பலர் காரை விட்டு ரயிலேறினார்கள். தனித் தடங்களிலே வண்டி குறைந்தது. தேவைப்படாத நேரத்தில் தடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டு, மின்பலகையிலே அறிவிப்பும் போட்டார்கள். அபராதத்தை எண்ணி ஒதுங்கிய வண்டிக்காரர், பலகையைப் பார்த்த பிறகும் அதில் ஏறத் தயங்கியதுண்டு.

இந்தக் கதையைக் கப்பலேறிப் போன ஊர்க்கதை என்று தள்ளிவிட முடியாது. 2010 அக்டோபரிலே டில்லியிலே காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. அங்கும் வீரர்களுக்கும் விருந்தினர்க்கும் தனித் தடம் ஒதுக்கினார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். நடைபாதையிலே விற்றுப் பிழைத்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். புளூலைன் என்ற தனியார் பஸ்களையும் சாலையிலிருந்து விலக்கினார்கள். அந்த பஸ்கள் ஆளை அடித்துப் பெயர் கெட்டவை. அவை போனதற்கு நான் அழப் போவதில்லை. ஆனால், அதிலே ஏறி வேலைக்குப் போனவன், மாற்று பஸ்ஸுக்காக எவ்வளவு நேரம் நின்றான் என்பதை விழா நடத்தியோர் கணக்கிலே சேர்த்தார்களா?

2030-ல் காமன்வெல்த் போட்டி மறுபடி இந்தியாவுக்கு வருகிறது. இம்முறை அகமதாபாத். அந்த நகரிலே 2009 முதல் நடுச்சாலையிலே தனித் தடம் இருக்கிறது. துரைமார் காருக்கல்ல, சாதாரண ஜனங்கள் ஏறும் பஸ்ஸுக்கு. 'ஜன்மார்க்', அதாவது மக்கள் பாதை என்றே அதற்குப் பெயர். ஆலைக்கும் கடைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் அதிலே போகிறார்கள். போட்டி நெருங்கும்போது விருந்தினர் கார்களுக்குப் பாதை எங்கே என்று வரைபடத்தை விரித்துத் தேடுவார்கள். தயாராக, வேலி போட்டு, காலியாகத் தெரியும் தடம் அது ஒன்றுதான். அதன்மேல் கை வைப்பார்களா, மாட்டார்களா என்பதை அந்த ஊர் பஸ் தொழிலாளரும் பயணிகளும் இப்போதே கேட்டு, எழுத்திலே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.