டர்போ பக்கம் ஆயில் வழிகிறதா? கழற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள்!

பன்வெல் அருகே உள்ள களம்போலி இரும்பு மார்க்கெட்டுக்கு நம் ஊர் லாரிகள் வராத நாளே கிடையாது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று கதவில் எழுதிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். லோடு கிடைக்கும் வரை டிரைவர்கள் நிழல் பார்த்துப் பாய் விரித்திருப்பார்கள். அவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. "டர்போவுல ஆயில் அடிக்குது!"

பட்டறைகளில் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். "டர்போ போச்சு, மாத்திடுங்க."

மாற்றினால் ஒரு நடையில் மிஞ்சுகிற காசு அதிலேயே கரைந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. புது டர்போ மாட்டி, புனே தாண்டி, கம்பட்கி காட் ஏறியதும் அதே இடத்தில் மறுபடி ஆயில் வழிந்தால் அந்த டிரைவர் யாரிடம் போய்ச் சொல்வார்? ஆயில் தெரிகிற இடம் ஒன்று. அது கிளம்புகிற இடம் வேறொன்று. தொல்லையே இதுதான்.

ஒரு தண்டு, இரண்டு சக்கரம்

என்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. டர்போ என்பது இவ்வளவுதான். சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் புச்சி 1905-ம் ஆண்டில் காப்புரிமை பெற்ற யோசனை இது. எங்கள் ரெயில்வே டீசல் என்ஜின்களிலும் இதே ஏற்பாடுதான். என்ன, அளவில் அது யானை!

லாரி டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்று வரை சுற்றும். ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டுதான் அது இந்த வேகத்தைத் தாங்குகிறது. மேலே மெல்லிய பைப்பில் ஆயில் பிரஷரோடு வருகிறது. கீழே தடித்த பைப்பில் சம்புக்கு இறங்குகிறது. இறங்கும் பைப்பில் பிரஷர் கிடையாது. வாய்க்கால் தண்ணீர்போல, பள்ளத்தைப் பார்த்துத் தானாக வழிய வேண்டியதுதான்.

தண்டின் இரு முனைகளிலும் இருக்கும் சீல், குழாய் வாஷர் போன்ற ரப்பர் அல்ல. பிஸ்டன் ரிங் மாதிரி ஓர் உலோக வளையம். சக்கரங்களின் பக்கம் இருக்கும் காற்று, புகை அழுத்தமும் சேர்ந்துதான் ஆயிலை உள்ளே நிறுத்துகிறது. கீழே போகும் வழி அடைபட்டால், நல்ல டர்போவும் ஆயிலைக் கக்கும்.

அடைத்துக்கொண்ட பைப்

எஃகு காயில் ஏற்ற வந்த ஒரு சங்ககிரி வண்டிக்கு இதுதான் நடந்தது. ஓட்டுகிறவரே சொந்தக்காரர். ஒரு பட்டறையில் புது டர்போவுக்கு விலையும் சொல்லிவிட்டார்கள். அங்கேயே பல வருடமாகத் தொழில் செய்யும் நம் ஊர் மெக்கானிக் ஒருவர், "அவசரப்படாதீங்க தம்பி, முதல்ல கழுவுவோம்" என்றார். என்ஜின் நன்றாக ஆறியபின் அந்தப் பகுதி முழுவதையும் கழுவித் துடைத்தார். பிறகு ஸ்டார்ட் செய்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எங்க நனைஞ்சிருக்குன்னு பார்க்கக் கூடாது. நனைஞ்சதுல எது எல்லாத்துக்கும் மேல இருக்குன்னு பார்க்கணும்" என்பது அவர் பாடம். ஆயில் கீழே வழியும். பேன் காற்று அதைப் பின்னாலும் தள்ளும். ராக்கர் கவர் கேஸ்கட் கசிந்தாலும், ஆயில் வரும் பைப்பின் போல்ட்டில் செம்பு வாஷர் நசுங்கியிருந்தாலும், பழி டர்போ மேல்தான் விழும்.

அந்த வண்டியில் மேலே எல்லாம் காய்ந்திருந்தது. இறங்கும் பைப்பைக் கழற்றினால், உள்ளே கரி அடைத்து ஒரு பென்சில்கூட நுழையவில்லை. என்ஜினின் பிரீதரும் மண்ணும் பிசுக்குமாக மூடிக் கிடந்தது. பிரீதர் அடைத்தால் சம்புக்குள் அழுத்தம் ஏறும். ஆயில் இறங்க முடியாது. இரண்டையும் சுத்தம் செய்து புது கேஸ்கட் போட்டதோடு சரி. பழைய டர்போவோடேயே வண்டி லோடு ஏற்றிப் போனது.

ஹோஸைக் கழற்றினால்...

இண்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் உட்புறம் லேசாக எண்ணெய்ப் பசை இருந்தால் பயப்பட வேண்டாம். பிரீதர் ஆவியைக் காற்று வழியிலேயே விடும் வண்டிகளில் அது சகஜம். குட்டையாகத் தேங்கி நின்றால்தான் கவலை. அப்போதும் முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள். பில்டர் அடைத்தால் காற்றுக்குத் தவிக்கும் சக்கரம் ஆயிலை உறிஞ்சும். மணிக்கணக்கில் ஐடிலில் ஓடவிட்டாலும் இப்படிக் கசியலாம். துறைமுக வாசலில் ஏ.சி.க்காக என்ஜினை நிறுத்தாதவர்கள் கவனிக்க!

புகை வரும் பக்கத்தில் ஆயிலா? டர்போவுக்கு முன்னால், மேனிபோல்டிலேயே ஈரம் இருந்தால் ஆயிலை அனுப்புவது என்ஜின். ரிங்கையோ வால்வு கைடையோ சந்தேகிக்க வேண்டும். அங்கே காய்ந்திருந்து டர்போவுக்குப் பின்னால் மட்டும் ஈரம் என்றால், அப்போது டர்போவைச் சந்தேகிக்கலாம். நீலப் புகை ஆயில் எரிவதன் அடையாளம். கரும்புகை வேறு கதை.

கடைசியாக, நிறுத்தி ஆறிய என்ஜினில் தண்டைக் கையால் ஆட்டிப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் கைக்குத் தெரியும்படி நகர்ந்தாலோ, சக்கரம் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ போனது நிச்சயம். அதை ஓட்டக் கூடாது. சுடும் பாகத்தில் ஆயில் பட்டால் தீப்பிடிக்கும். ஆயில் மொத்தமாக உள்ளே போனால், டீசலை நிறுத்தினாலும் அந்த ஆயிலிலேயே என்ஜின் வெறிபிடித்து ஓடும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் இன்னொரு செலவும் உண்டு. எரிந்த ஆயிலின் சாம்பல் புகை பில்டரை அடைத்துவிடும்.

மாற்றியே ஆகவேண்டும் என்றால் பட்டறையில் கூடவே நில்லுங்கள். இண்டர்கூலரில் தேங்கிய ஆயிலையும் உடைந்த துணுக்குகளையும் எடுக்கச் சொல்லுங்கள். ஆயில் துவாரங்களில் சிலிகான் பசை வேண்டாம். பிதுங்கிய துளி உள்ளே போய் வழியை அடைக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் புது டர்போவுக்குள் சுத்தமான ஆயில் ஊற்றச் சொல்லுங்கள். கண்டாலா ஏறி நிறுத்தும்போது 3 நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால், சூட்டில் ஆயில் கரியாகிப் பைப்பை அடைப்பது குறையும்.