காலுக்கேற்ற கிராங்க்

சரளைக்கல் பாதையிலும் தார் ரோட்டிலும் ஓடக்கூடிய 'கிராவல் பைக்' சைக்கிளை நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது விரும்பிக் கேட்கிறார்கள். வாங்கும்போது ஃபிரேமின் அளவைப் பார்க்கிறோம், கியர்களை எண்ணுகிறோம். கிராங்கின் நீளத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஐந்தடி உயரமுள்ளவர், முழங்கால் வலிக்கிறது என்று புது சைக்கிளை மூலையில் சாத்திவிட்டால், அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பெடலையும் நடு அச்சையும் இணைக்கும் கைதான் கிராங்க். அச்சின் மையத்திலிருந்து பெடல் துளையின் மையம் வரை உள்ள தூரம் அதன் நீளம். பெரும்பாலும் கையின் உட்புறத்தில் 165, 170, 175 என்று மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். சிறிய ஃபிரேமிலும் 165 அல்லது 170 போட்டு விற்பதே வழக்கம். குட்டையான காலுக்கு அது நீளம். பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும், இடுப்பும் ஆடும்.

170-க்குப் பதில் 155 பொருத்தினால் என்ன ஆகும்? கீழ்நிலையில் பெடல் 15 மி.மீ. உயர்கிறது, எனவே சீட்டையும் 15 மி.மீ. உயர்த்த வேண்டும். மேல்நிலையில் பெடல் 15 மி.மீ. தாழ்கிறது. இரண்டும் சேர, மேல்நிலையில் சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே 30 மி.மீ. கூடுதல் இடம் கிடைக்கிறது. முழங்காலுக்கு அது பெரிய நிம்மதி.

"கை குட்டையானால் இழுவை குறையாதா?" என்று கேட்பீர்கள். அதே கியரில் சுமார் 10 சதவீதம் அழுத்திமிதிக்க வேண்டும் என்பது உண்மை. கியரை ஒருபடி இறக்கினால் அது சரியாகிவிடும். நம் ரயில்வேயின் நீராவி எஞ்சின்களைப் பாருங்கள். பயணிகள் வண்டிக்கு டபிள்யூ.பி., சரக்கு வண்டிக்கு டபிள்யூ.ஜி. இரண்டிலும் பிஸ்டன் ஓட்டம் 28 அங்குலம். அதாவது கிராங்க் 14 அங்குலம். சரக்கு இழுக்கக் கிராங்கை நீட்டவில்லை. சிலிண்டரைச் சற்றுப் பெரிதாக்கி, இயக்குசக்கரத்தை 67 அங்குலத்திலிருந்து 61½ அங்குலமாகக் குறைத்தார்கள். சைக்கிளில் கியரை இறக்குவதும் அதே வேலைதான். 2001-இல் மார்ட்டின், ஸ்பிர்டுசோ என்ற ஆய்வாளர்கள் 120 முதல் 220 மி.மீ. வரையுள்ள கிராங்குகளைச் சோதித்தனர். உச்ச சக்தியில் வித்தியாசம் சுமார் 4 சதவீதம்தான்.

எந்த அளவு வாங்குவது? வெறுங்காலுடன் சுவரோரம் நின்று, தொடைகளுக்கிடையே ஒரு புத்தகத்தை மேலேற்றிப் பிடியுங்கள். தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளந்து, அதில் 20, 21 சதவீதம் எடுங்கள். 72 செ.மீ. என்றால் சுமார் 150 மி.மீ. இது தோராயக் கணக்கே, 5 மி.மீ. முன்பின் இருந்தால் பாதகமில்லை.

கவனிக்க வேண்டியவை சில. நடு அச்சில் சதுரமுனை உண்டு, குழாய்வடிவம் உண்டு. உங்களுடையதற்குப் பொருந்தும் கிராங்கையே வாங்குங்கள். பல் குறைந்த முன்சக்கரம் கிடைத்தால் ஏற்றத்தில் உதவும். இடது பெடலுக்கு எதிர்மரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். சீட் உயர்வதால் கால் தரைக்கு எட்டாது. நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னே இறங்கப் பழக வேண்டும். பெடல் கல்லில் இடிப்பதும், திரும்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் உரசுவதும் குறையும் என்பது கூடுதல் லாபம்.

புது சைக்கிள் என்றால், பணம் கட்டுமுன்பே கடைக்காரரிடம் கிராங்கை மாற்றித்தரக் கேளுங்கள். பிறகு மாற்றினால் இரட்டைச் செலவு. எல்லாம் சரிசெய்தும் வலி நீடித்தால், மெக்கானிக்கை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.