உண்மை சொன்ன மகள்

அரிச்சந்திரன் கதை தெரியாத தமிழர் உண்டா? திட்டக்குடி, விருத்தாசலம் ஊர்களைக் கொண்ட பழைய தென்னார்க்காட்டுச் சீமையில் கூத்துக் கட்டி ஆடிய கதை அது. இலங்கைத் தமிழரான முத்துக்குமாரசுவாமி அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1863-ல் லண்டனில் வெளியிட்டார்.

ஆங்கில நாடகத்திலும் உண்மைக்காகத் துன்பப்பட்ட ஒரு பெண் உண்டு. அவள் பெயர் கார்டீலியா. ஷேக்ஸ்பியர் எழுதிய 'லியர் மன்னன்' நாடகத்தில் வருகிறாள். 1606-ம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்து அரசர் முன்னிலையில் அந்த நாடகம் நடந்தது.

மூன்று மகள்கள்

லியர் வயது முதிர்ந்த ராஜா. ராஜ்யத்தை மூன்று மகள்களுக்கும் பிரித்துக் கொடுக்க நினைத்தார். தம்மீது யாருக்கு அன்பு அதிகம் என்று கேட்டார்.

மூத்தவள் கானெரில் வானளாவப் புகழ்ந்தாள். அடுத்தவள் ரீகன் அக்காளையும் மிஞ்சினாள். இருவருக்கும் நாடு கிடைத்தது.

கடைசி மகள் கார்டீலியாவுக்குப் பொய் வரவில்லை. மகளுடைய கடமை எவ்வளவோ, அவ்வளவு அன்பு தனக்கு உண்டு என்றாள். கல்யாணம் ஆனால் கணவனுக்கும் அன்பில் பங்கு உண்டு என்றாள்.

ராஜாவுக்கு வந்ததே கோபம்! சல்லிக்காசு சீதனம் இல்லை என்று மகளை ஒதுக்கினார். நியாயம் பேசிய கென்ட் பிரபுவை நாடு கடத்தினார். பிரான்ஸ் தேசத்து மன்னர் அவளுடைய குணமே போதும் என்று அவளை மணந்து கொண்டார்.

கொட்டும் மழையில்

நாடு கைக்கு வந்ததும் மூத்த மகள்கள் இருவரும் தகப்பனை அவமதித்தார்கள். புயலடித்த இரவில் கிழவர் வெட்டவெளியில் அலைந்தார். புத்தி பேதலித்தது.

அவரை மீட்கப் படையோடு வந்தவள் யார்? விரட்டப்பட்ட கார்டீலியாதான்! தகப்பன் மன்னிப்புக் கேட்டார். அவளுக்கோ அவர்மீது துளியும் கோபம் இல்லை.

ஆனால் அவள் படை தோற்றது. அவளைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். மகளின் உடலைச் சுமந்து வந்த லியர், கதறியபடியே உயிர் விட்டார்.

மாற்றிய முடிவு

அரிச்சந்திரனுக்கு இறந்த மகன் எழுந்தான். இழந்த நாடும் திரும்பியது. கார்டீலியாவுக்கு எதுவும் திரும்பவில்லை.

இந்தச் சோகத்தை இங்கிலாந்து மக்களாலேயே தாங்க முடியவில்லை. 1681-ல் நாகம் டேட் என்ற கவிஞர் முடிவை மாற்றினார். அதில் கார்டீலியா பிழைக்கிறாள், கல்யாணமும் நடக்கிறது. ஏறக்குறைய 150 ஆண்டுகள் மேடையில் இந்த மாற்றிய நாடகமே நடந்தது. 1838-ல் மெக்ரீடி என்ற நடிகர் டேட்டின் மாற்றங்களை நீக்கி, ஷேக்ஸ்பியரின் நாடகத்தை மறுபடி மேடை ஏற்றினார்.

நம் வீட்டில்

லியர் கெட்டவர் அல்ல. இனிப்பான பேச்சுக்கு மயங்கிய தகப்பன். அவ்வளவுதான்.

அந்த மயக்கம் நமக்கும் உண்டு. பானையை உடைத்த பிள்ளை, "நான்தான் உடைத்தேன்" என்று வந்து நிற்கிறது. உடனே முதுகில் இரண்டு வைக்கிறோம். "பூனை தள்ளியது" என்ற பிள்ளை தப்பித்துக் கொள்கிறது. அடுத்த முறை இரண்டு பிள்ளைகளும் பூனையைத்தான் சொல்லும்!

உண்மை சொல்லும் பிள்ளைக்கு நாடு கொடுக்க நம்மிடம் நாடு இல்லை. ஓங்கிய கையைக் கீழே இறக்கலாம் அல்லவா?