‘பிரிலிமினரி’ என்னும் சொல்லும் அதன் தமிழ் நிகரன்களும்

ஆங்கிலத்தின் ‘பிரிலிமினரி’ என்னும் சொல்லுக்கு முதனிலை, முதற்கட்டம், பூர்வாங்கம், தொடக்கநிலை எனப் பல நிகரன்கள் தமிழில் வழங்குகின்றன. ஒரே வரிசையில் அடுக்கிக் காட்டப்படுவதால் இவை ஒன்றற்கொன்று மாற்றாக வரத்தக்கன என்று தோன்றும். அவ்வாறு கொள்வதற்கில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

‘முன்’ எனப் பொருள்படும் ‘பிரே’, ‘வாயிற்படி’ எனப் பொருள்படும் ‘லிமென்’ ஆகிய இலத்தீன் சொற்களின் சேர்க்கையில் பிறந்து, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழக்குப் பெற்ற சொல் இது. வாயிற்படிக்கு முன்னர் நிகழ்வது என்பது இதன் அடிப்படைப் பொருள். படியைக் கடந்தபின் முன்னது வெளியே நின்றுவிடுகிறது.

தமிழ் நிகரன்கள் உணர்த்துவது வேறு. பெயர், வினைகளின் பகுதியை இலக்கணிகள் முதனிலை என்பர். ‘கெடு’ என்பது ‘கேடு’ என நிற்பது முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டிய எட்டினையும் தொல்காப்பியம் தொழில் முதனிலை எனச் சுட்டுகிறது. செய்பவன், நிலம், காலம், கருவி முதலிய இவை தொழிலுக்கு முன்னே நின்று விலகுவன அல்ல, தொழிலை ஆக்குவன. பூர்வாங்கம் என்னும் வடசொல்லும் ‘முன் உறுப்பு’ என்றே பொருள்படும். இசையில் ஆரோகணத்தின் முற்பாதி பூர்வாங்கம். அதனை நீக்கினால் இராகம் முழுமை பெறாது. நூலுக்கு முன்னே நிற்கும் பாயிரத்தையும் இவ்விடத்து எண்ணலாம். அஃது இல்லாதது நூலாகாது என்பது நன்னூலார் கொள்கை. ஆக, ஆங்கிலச் சொல் வெளியே நிறுத்துவதைத் தமிழ்ச் சொற்கள் உள்ளே வைக்கின்றன.

இவ்வேறுபாடு நடைமுறையில் இரு வகையாக வெளிப்படுகிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 1 பதவிகளுக்கு முதனிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு என இரண்டு உண்டு. முதனிலைத் தேர்வின் மதிப்பெண் இறுதித் தரவரிசையில் சேர்வதில்லை. அடுத்த தேர்வுக்குரியோரை வடிகட்டுவதே அதன் பணி. வாயிற்படி உருவகம் இங்கு நன்கு பொருந்துகிறது. பகுதி எனப் பொருள்படும் முதனிலை பொருந்தவில்லை. போதாக்குறைக்கு, இரு தேர்வுப் பெயர்களும் ‘முதல்’ என்னும் ஒரே அடியிற் பிறந்தவை. தேர்வர்கள் ‘பிரிலிம்ஸ்’, ‘மெயின்ஸ்’ என்றே பேசுவதற்கு ஆங்கில மோகத்தை மட்டும் காரணமாக்குதல் முறையன்று.

நீதிமன்ற வழக்கில் நிலைமை தலைகீழாகிறது. தென்காசி மாவட்டம் குருவிகுளம் பகுதியின் கரிசற் புஞ்சை ஒன்றை உடன்பிறந்தார் மூவர் பிரித்துக்கொள்ள வழக்கிடுவதாகக் கொள்வோம். ஒவ்வொருவர்க்கும் மூன்றில் ஒரு பங்கு என உரிமையை அறுதியிடுவது முதனிலைத் தீர்ப்பாணை. கிணறு உள்ள துண்டு யாருக்கு, ஓடையோரம் யாருக்கு என்பது இறுதித் தீர்ப்பாணையில் முடிவாகும். பின்னது முன்னதன்மேல் எழுவது. பகுதியின்மேல் விகுதி வந்து சேர்வதைப் போன்றது.

‘பிரிலிமினரி’ என்பதைத் தொடக்கநிலை என்று மட்டும் விளங்கிக்கொண்டு, இறுதித் தீர்ப்பு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் எனக் காத்திருப்பவர் பங்கின் அளவை எதிர்க்கும் வாய்ப்பையே இழக்கக்கூடும். முதனிலைத் தீர்ப்பாணைமீது மேல்முறையீடு செய்யாதவர், இறுதித் தீர்ப்பாணைமீதான மேல்முறையீட்டில் அதன் சரிமையை மறுத்து வாதிட இயலாது என்கிறது 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 97ஆம் பிரிவு. மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வதற்குரிய காலவரம்போ 30 நாள்களே.

எனவே நிகரன் தேர்வோர், முன்னது பின்னதைக் கட்டுப்படுத்துகிறதா என்று முதலில் வினவுதல் வேண்டும். கட்டுப்படுத்துமிடத்து முதனிலை என்பது மூலச்சொல்லினும் செறிவானது. தீர்ப்பாணைக்கு அதனையே நிலைநிறுத்தலாம். வடிகட்டி விலகும் தேர்வுக்கு ‘முன்தேர்வு’ என்பது போதும். பூர்வாங்கப் பேச்சுவார்த்தை என்னும் இதழியல் வழக்கு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அப்பேச்சில் ஒப்புக்கொண்டவை பின்னர் யாரைக் கட்டுப்படுத்தும் என்பதைச் செய்தியே தெளிவுபடுத்தியாக வேண்டும்; சொல் அதனைச் செய்யாது.